மாற்றம் அறியும் பொறி

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், செங்குன்றத்தைக் கடந்து சிறிது தூரம் போனால் சோழவரம் வரும். அவ்வூரின் சுற்றுப்புறத்துப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் பின்பு தலைமையாசிரியனாகவும் என் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தேன். ஆகவே, இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருளையும் அவ்வூரிலிருந்தே தொடங்குகிறேன். பொருள் என்னவோ மிகப் புதியது. மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லுக்குக் கட்டளை எழுதி, வெளியுலகில் ஏதேனும் மாறியிருக்கிறதா என்று அதனைக் கொண்டு அறிவது எப்படி என்பதே அது. மாணவர்களே, உங்களுள் பலர் அச்சில்லைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கையாண்டிருப்பீர்கள். நான் சரித்திரம் போதித்தவன். மின்னியல் என் பாடமன்று. ஓய்வு பெற்ற பிறகு மாணவர்களிடமிருந்தே இதனைக் கற்றுக்கொண்டேன். கற்கக் கற்க, இந்தச் சில்லின் பின்னால் நெடியதொரு சரித்திரம் இருப்பதைக் கண்டேன்.

சோழவரத்தில் வெளியூரார் அறிந்தவை இரண்டு. ஒன்று ஏரி, மற்றொன்று பழைய விமான ஓடுபாதை.

ஏரியை முதலில் பார்ப்போம். 1872ஆம் ஆண்டில் பிரேசர் என்னும் பொறியாளரின் திட்டப்படி, கொசஸ்தலையாற்றின் நீர் தாமரைப்பாக்கத்து அணைக்கட்டில் தடுக்கப்பட்டு, கால்வாய் வழியே சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றத்துப் புழல் ஏரிக்கும், பிறகு சென்னை நகருக்கும் வந்தது. சோழவரம் ஏரியின் இன்றைய கொள்ளளவு 108 கோடியே 10 இலட்சம் கன அடி. முழு உயரம் 18.86 அடி. இத்தகைய ஏரிகளில் மதகையடுத்து அடிக்கணக்குக் குறித்த அளவுகோல் ஒன்று நீருக்குள் நிற்கும். பொதுப்பணித் துறையினர் லஸ்கர் என்றழைத்த ஏரிக் காவலர், காலையில் அந்த அளவைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்.

இளைஞனாக இருந்தபோது அத்தகைய காவலர் ஒருவரிடம், “நீர் ஏறுகிறதா, இறங்குகிறதா?” என்று கேட்டேன். அவர் கோலைப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் புரட்டி முந்தின நாள் வரியைப் பார்த்துவிட்டு, அதன்பிறகே கோலை நோக்கினார். அன்று அதனை நான் பெரிதாக எண்ணவில்லை. ஆனால், சில்லுக்குக் கட்டளை எழுதும் மாணவர் முதலில் அறிய வேண்டிய செய்தி முழுவதும் அதில் அடங்கியிருந்தது. கோல் காட்டுவது நிலை. அந்த ஓர் எண்ணை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் மாற்றம் புலப்படாது. மாற்றத்தை அறிய இரண்டு எண்கள் வேண்டும். அவற்றுள் ஒன்று நினைவிலிருந்து வரவேண்டும்.

இது ஏட்டளவில் நிற்கும் நுணுக்கமன்று. 2015 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் சென்னை மாநகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஏரிகளில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதைவிட எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதே மக்கள் அறியத் துடித்த செய்தியாக இருந்தது. 2019 கோடையில் அதே ஏரிகள் ஏறத்தாழ வறண்டன.

இனி ஓடுபாதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட அந்தப் பாதையில், போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின், மோட்டார்ப் பந்தயங்கள் நடக்கத் தொடங்கின. 1980களின் இறுதி வரையில் அவை நடந்தன. பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் பெயர்ந்துவிட்டது. பந்தய நாட்களில் சென்னையே திரண்டு வந்தது என்று சொல்லலாம். நானும் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். கோட்டருகே சிலர் நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் பிடித்து, வண்டி கோட்டைத் தொடும் கணத்தில் பொத்தானை அழுத்துவார்கள். கண் கண்டதை விரல் நிறைவேற்ற ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வினாடி பிடிக்கும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 8 மீட்டருக்குமேல் ஓடிவிடும்! பழகிய கைகள் முன்கூட்டியே எதிர்பார்த்து அழுத்திப் பிழையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆயினும் அது மதிப்பீடேயன்றி அளவன்று. பாதையின் குறுக்கே ஓர் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, எதிர்ப்புறம் ஓர் ஒளிமின்கலத்தை வைத்தால், வண்டியின் மூக்கு ஒளியை மறைத்த கணமே மின்னோட்டம் மாறும். அங்கே நமக்கு வேண்டியது, வண்டி கோட்டின்மேல் இருக்கிறதா என்பதன்று. இல்லாதிருந்து வந்த அந்தக் கணம் எது என்பதே.

இவ்வாறு மெல்ல மாறும் ஏரியும் விரைந்து மாறும் ஓடுபாதையும் ஒரே ஊரில் இருக்கின்றன. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு சரித்திரத்துக்குள் செல்வோம்.

மின்சாரத்தால் செய்தி அனுப்புவது என்பதே மாற்றத்தை அனுப்புவதுதான். கம்பியில் மின்னோட்டம் இடையறாது ஓடிக்கொண்டிருந்தால் அதில் செய்தி இல்லை. ஓடாமலே இருந்தாலும் இல்லை. ஓட்டம் எப்போது தொடங்கிற்று, எப்போது நின்றது என்பதைக் கொண்டே தந்தியின் புள்ளியும் கோடும் உருவாகின்றன. நம் நாட்டில் 1839ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஓஷாநசி என்னும் மருத்துவர் தந்திச் சோதனை நடத்தியபோது, கம்பியில் வந்த மின்னதிர்ச்சியை விரலால் தொட்டுணர்ந்தே செய்தியை வாங்கினார்கள் என்று அறிகிறோம். மாற்றத்தை அறியும் பொறியாக மனித விரலே பயன்பட்ட காலம் அது. 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே முதல் தந்தி வழி அமைந்தது. 1855இல் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது சென்னையும் அவ்வலையில் சேர்ந்திருந்தது.

சோழவரம் வழியே சென்னைக்கு நீர் வந்த அதே 1872இல், அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் ரயில் பாதைக்கென ஒரு மின்சுற்றைக் கண்டுபிடித்தார். நான் படித்தறிந்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த கண்டுபிடிப்பு இதுவே. ரயில் வந்தால் மின்சாரம் பாயட்டும், மணி அடிக்கட்டும் என்றுதான் எவரும் முதலில் நினைப்பர். ராபின்சன் அதனைத் தலைகீழாக்கினார். பாதை காலியாக இருக்கும்போது இரு தண்டவாளங்களின் வழியே மின்சாரம் எப்போதும் ஓடி, மறுமுனையில் ஒரு மின்காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். ரயில் வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் மின்சாரத்துக்குக் குறுக்குவழி தந்துவிடும்; காந்தம் பிடியை விடும்; அபாய அடையாளம் விழும். மின்கலம் தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், தண்டவாளம் முறிந்து இடைவெளி விட்டாலும் அதே அபாய அடையாளம்தான். பழுது நேர்ந்தால் அது ‘வராதே’ என்று சொல்லுமேயன்றி, ‘வா’ என்று சொல்லாது.

இந்தக் கருத்து இன்றைய தொழிற்சாலைகளிலும் வாழ்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள், யந்திரங்களிலுள்ள சிவப்புப் பொத்தானைத் திறந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பார்க்கட்டும். அழுத்தாதிருக்கும்போது அதன் தொடுமுனைகள் சேர்ந்தே இருக்கும், அழுத்தினால் பிரியும். அதற்குச் செல்லும் கம்பியை எலி கடித்தாலும் யந்திரம் நின்றுவிடும்.

பதிவேடு வேண்டும் என்று சொன்னேன் அன்றோ? மின்சாரத்துக்குள்ளேயே அப்பதிவேட்டை அமைத்தவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த எக்ளஸ், ஜோர்டன் என்னும் இருவர். 1918இல் அவர்கள் இரண்டு வால்வுகளை ஒன்றையொன்று தாங்கும்படி இணைத்தார்கள். ஒன்று விழித்திருந்தால் மற்றொன்று உறங்கும், தூண்டினால் நிலை மாறும், தூண்டாதவரை மாறாது. ஆம், இல்லை என்னும் ஒரே ஒரு விடையை எழுதி வைக்கும் ஒரு வரிப் பதிவேடு அது.

அடுத்து வந்தவர் ஓட்டோ ஷ்மிட் என்னும் அமெரிக்கர். பழவேற்காட்டு மீனவர்கள் வலையில் காணும் கணவாயின் இனத்தைச் சேர்ந்த கடலுயிர் ஒன்றின் நரம்பில் தூண்டல் பரவும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 1934இல் மாணவராக இருந்த அவருக்கு ஒரு மின்சுற்று தோன்றியது. 1938இல் அதனை வெளியிட்டார். அதன் பயனை அறிய நாம் ஏரிக்கரைக்குத் திரும்பவேண்டும். நீர் 17 அடியைத் தொட்டதும் மணி அடிக்குமாறு ஒரு கருவி அமைத்தோம் எனக் கொள்ளுங்கள். காற்றில் அலை எழுகிறது. நீர் 17க்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் ஊசலாடுகிறது. மணி ஓயாமல் அடித்து அடித்து நிற்கிறது. கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வார். மறுநாள் உண்மையிலேயே வெள்ளம் வந்தால் அந்த மணியை எவரும் நம்பமாட்டார். ஷ்மிட்டின் வழி எளியது. ஒரு கோட்டுக்கு இரண்டு கோடுகள். 17 அடியில் மணி தொடங்கட்டும். ஆனால் பதினாறரை அடிக்குக் கீழே இறங்கினாலன்றி ஓய வேண்டாம். இடைப்பட்ட அரையடிக்குள் அலை எவ்வளவு ஆடினாலும் கருவி தன் முடிவை மாற்றிக்கொள்ளாது.

1947இல் டிரான்சிஸ்டர் வந்தது, வால்வுகள் விடைபெற்றன. 1971இல் இன்டெல் 4004 என்னும் கணிப்பொறிச் சில்லு விற்பனைக்கு வந்தது. கணக்கிடும் பகுதி, நினைவு, வெளியுலகோடு தொடர்புகொள்ளும் முனைகள் ஆகிய யாவும் ஒரே சில்லில் அடங்கிய டெக்சாஸ் நிறுவனத்தின் டி.எம்.எஸ். 1000 என்பது 1974இல் வந்தது. 1976இல் இன்டெல் 8048, 1980இல் 8051. தொண்ணூறுகளில் நார்வே நாட்டு டிராண்ட்ஹைம் நகரில் போகன், வோலன் என்னும் இரு மாணவர்களின் எண்ணத்திலிருந்து ஏ.வி.ஆர். என்னும் சில்லு பிறந்தது. பிறகு, இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005ஆம் ஆண்டு, வடிவமைப்புப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்களும் மாணவர்களும், பாராகன் என்னும் கொலம்பிய மாணவர் அமைத்த வயரிங் என்னும் முறையை அடியொற்றி, அந்தச் சில்லைக் கொண்டு மலிவான பலகை ஒன்றைச் செய்தார்கள். அதுவே ஆர்டுயினோ. சரித்திர மாணவர்களுக்கு ஒரு செய்தி: ஆர்டுயினோ என்பது 1002ஆம் ஆண்டில் இத்தாலியின் அரசனாகிய ஒருவனின் பெயர். அவன் பெயரை ஒரு மதுக்கடைக்கு வைத்தார்கள். அங்கே கூடிய ஆசிரியர்கள் அதனைப் பலகைக்கு வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அந்த அரசனின் பெயர் திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகளின் நாவில் வழங்குகிறது! நம் சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைத்த சக்தி என்னும் சில்லு 2018இல் இயங்கியதையும் இங்கே சொல்லவேண்டும்.

2010இல் வெளிவந்த ஆர்டுயினோ ஊனோ பலகையில் 14 முனைகள் ஆம், இல்லை என்னும் இரு நிலைகளை அறியவல்லவை. முனையில் 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அதனை ‘ஒன்று’ என்றும், ஒன்றரை வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ‘சுழி’ என்றும் சில்லு உறுதியாகக் கொள்ளும். எதனோடும் இணைக்காத முனை, காற்றாடி போல அலையும். அருகே கை சென்றாலும் அதன் விடை மாறலாம். ஆகவே சில்லின் உள்ளேயே இருக்கும் ஒரு மின்தடையால் முனையை 5 வோல்ட்டை நோக்கி இழுத்து வைப்பார்கள். பொத்தானை அழுத்தினால் முனை தரைக் கம்பியோடு சேர்ந்து சுழியாகும். அழுத்தினால் சுழி, விட்டால் ஒன்று என்னும் இந்த முறை முதலில் மாணவர்களைக் குழப்பும். ராபின்சனின் தண்டவாளத்தை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

கட்டளையை எழுதும் முறை ஏரிக் காவலரின் முறையேதான். ‘முந்தைய நிலை’ என்று நினைவில் ஓரிடம் ஒதுக்குக. முனையை இப்போது படிக்க. முந்தையது ஒன்று, இப்போதையது சுழி என்றால், பொத்தான் இந்தக் கணத்தில் அழுத்தப்பட்டது. முந்தையது சுழி, இப்போதையது ஒன்று என்றால், இந்தக் கணத்தில் விடப்பட்டது. இரண்டும் ஒன்றேயானால் புதிய செய்தி ஏதுமில்லை. கடைசியாக, இப்போதைய நிலையை முந்தைய நிலையின் இடத்தில் எழுதிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குக. இந்தக் கடைசி வரியை மறந்து விழித்த மாணவர்களை எண்ணி மாளாது. நேற்றைய பக்கத்தையே என்றும் பார்த்துக்கொண்டிருக்கும் காவலர் போல, சில்லும் ஒரே செய்தியை ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு செய்தும், ஒருமுறை அழுத்தினால் ஐந்தென்றோ ஏழென்றோ எண்ணுகிறதே என்று பிள்ளைகள் முறையிடுவார்கள். பொய் சொல்வது சில்லன்று. பொத்தானுக்குள் உலோகத்தோடு உலோகம் மோதும்போது, தரையில் விழுந்த பந்து போலச் சிலமுறை துள்ளுகிறது. சில ஆயிரத்திலொரு பங்கு வினாடிக்குள் அத்துள்ளல் அடங்கிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாது, சில்லுக்குத் தெரியும். மாறிய நிலை ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மாறாமல் நிலைத்த பின்னரே அதனை நம்புமாறு கட்டளையில் சேர்த்தால் போதும்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. சில்லை ஒரு வினாடி சும்மா இரு என்று கட்டளையிட்டு உறங்கவிடுவோர் பலர். 4 மீட்டர் நீள வண்டி, நான் முன்பு சொன்ன வேகத்தில், ஒளிக்கற்றையைப் பத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் கடந்துவிடும். சில்லு விழித்துப் பார்க்கும்போது ஒளி முன்போலவே விழுந்துகொண்டிருக்கும். வண்டி வந்ததாகவே அது அறியாது. இதற்கென, செய்துகொண்டிருக்கும் வேலையை இடைமறித்து அழைக்கும் வழி ஒன்றைக் கணிப்பொறியில் அமைத்தார்கள். 1954இல் அமெரிக்காவில் செய்த டைசியாக் என்னும் பொறி இவ்வழியில் முன்னோடி. ஊனோ பலகையில் 2, 3 எனும் எண்ணிட்ட முனைகள் இவ்வாறு அழைக்கவல்லவை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். என் பழைய மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மின்வெட்டு கடுமையாயிருந்த 2012ஆம் ஆண்டில், சிறு பட்டறை ஒன்றில் அவர் வேலை பார்த்தார். யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது. பிறகு என்னிடம் அவர் சொன்னது இதுதான்: “கரண்ட் எப்ப வரும்னு தெரியாது, சார். அதுக்குள்ள துடைச்சிடலாம்னு கைய உள்ள விட்டேன்.” மின்சாரம் திரும்பியது. யந்திரம் தானே ஓடத் தொடங்கியது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

அந்த யந்திரத்துக்கு, வீட்டு விளக்குக்குப் போடுவது போன்ற சாதாரண சுவிட்சைப் பொருத்தியிருந்தார்கள். சுவிட்ச் ‘ஓடு’ என்னும் நிலையிலேயே இருந்தது. மின்சாரம் வந்ததும் அந்த நிலைக்குக் கீழ்ப்படிந்தது. முறையான ஸ்டார்ட்டர் பெட்டி அப்படியன்று. பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் மின்காந்தம் இழுத்து, தன் தொடுமுனையாலேயே தன்னைத் தாங்கிக்கொள்ளும். மின்சாரம் போனால் பிடி விடும். மீண்டும் வந்தாலும், ஒருவர் வந்து பச்சைப் பொத்தானைப் புதிதாக அழுத்தினாலன்றி யந்திரம் அசையாது. நிலையைக் கேட்கும் பொறிக்கும் மாற்றத்தைக் கேட்கும் பொறிக்கும் உள்ள வேறுபாடு அந்த இளைஞருக்கு இரண்டு விரல்களின் அளவாயிற்று. பம்பு செட்டுக்குத் தானியங்கிக் கருவி பொருத்தும் விவசாயிகளும் இதனை நினைவில் கொள்வது நலம்.

சென்ற ஆண்டு, நான் சென்று உதவும் பள்ளியொன்றில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆர்டுயினோவைக் கொண்டு நீர்த்தொட்டி மோட்டாருக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி செய்தாள். மோட்டாருக்குப் பதிலாக ஒரு சிறு விளக்கு. அழுத்தும் கணத்தை மட்டுமே கேட்குமாறு கட்டளை எழுதியிருந்தாள். மேற்சொன்ன கதையை நான் கூறக் கேட்டிருந்த அவள், பொத்தானை அழுத்தியபடியே ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுத்துப் பார்த்தாள். விளக்கு தானே எரிந்தது! நானும் திகைத்தேன். வெகு நேரம் தேடியபின் அவளே காரணத்தைக் கண்டாள். சில்லு விழிக்கும்போது ‘முந்தைய நிலை’ என்னுமிடத்தில் ‘அழுத்தவில்லை’ என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். முதல் முறை படித்ததும் அழுத்தியிருப்பதைக் கண்ட சில்லு, இப்போதுதான் அழுத்தினார்கள் என்று முடிவு செய்துவிட்டது. பதிவேட்டின் முதல் வரியே பொய்!

“அப்ப முதல்ல பின்னைப் படிச்சு, அதையே முந்தையதுன்னு வச்சுக்கலாமா, சார்?” என்று கேட்டாள். வைத்துப் பார் என்றேன். ஒரு வரியை மாற்றி எழுதி, ஒட்டுநாடாவை எடுக்காமலே மின்சாரத்தைப் பலமுறை துண்டித்துக் கொடுத்துப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. நாடாவைப் பிரித்தாள், அப்போதும் எரியவில்லை. பிறகு விரலால் பொத்தானை ஒருமுறை அழுத்தினாள், எரிந்தது.